அந்தச் சாவி யார் கையில் இருந்தது?

எங்கள் தோட்டத்து ஸ்டோருக்கு முதலில் ஒரே ஒரு சாவிதான் இருந்தது. அது ஆபீஸில், பெரிய கிராணியின் மேசைக்குப் பின்னால், ஓர் ஆணியில் தொங்கும். சுங்கை சிப்புட் பக்கம் இருந்த ரப்பர் தோட்டம் அது. புகை போட்டுக் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை அந்த ஸ்டோரில்தான் அடுக்கி வைப்பார்கள். அப்பாவுக்கு அங்கேதான் வேலை.

விடியற்காலையில் ஆபீஸ் திறக்கும்வரை காத்திருக்க முடியவில்லை என்று மண்டோர் டவுனுக்குப் போய் ஒரு சாவி வெட்டிக்கொண்டு வந்தார். பிறகு ஜாகா ஒன்று கேட்டார். லாரியில் சரக்கு ஏற்றுகிறவர் ஒன்று கேட்டார். நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம், அந்த ஒரு பூட்டுக்கு ஐந்து சாவிகள் ஊரில் சுற்றிக்கொண்டிருந்தன.

ஒரு நாள் காலையில் ஷீட்டுகள் குறைந்தன. பெரட்டில் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார்கள்: "நேத்து சாயங்காலம் சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

அப்பாவிடம்தான் இருந்தது. வேலை முடிந்ததும் ஆணியில் மாட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். மாட்டியதைப் பார்த்தவர் யாருமில்லை. எழுதி வைத்த தாளும் இல்லை. மற்ற நான்கு சாவிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பாவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் ஸ்டோரிலிருந்து மரம் வெட்ட அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் இறக்கும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

இன்று அந்தத் தோட்டமும் இல்லை. பாதி செம்பனை, பாதி வீடமைப்புத் திட்டம். நான் ஈப்போவில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறேன். லாரி கம்பெனிகள், கிளினிக்குகள், கடைகள் ஆகியவற்றின் கணக்கு வேலைகள் எங்கள் சர்வர்களில் ஓடுகின்றன. ரப்பர் ஷீட்டுக்கும் எனக்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் இரண்டு வருடங்களுக்கு முன்புவரை நினைத்திருந்தேன்.

மூன்று நாள் பழி

ஒரு சனிக்கிழமை காலை. வாடிக்கையாளர் ஒருவரின் ரசீதுப் படங்கள் பெரும்பாலும் சர்வரில் காணவில்லை. பழைய ரசீதுகள் எல்லாம் அழிக்கப்பட்டிருந்தன. நகல் இருந்ததால் பெரும்பகுதியை மீட்டுவிட்டோம். ஆனால் யார் அழித்தது?

சர்வரின் குறிப்பேட்டைத் திறந்தேன். அதிகாலை 2 மணிக்கு 'அட்மின்' என்ற பெயரில் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். எந்தச் சாவியால் வந்தார்கள் என்பதும் அதில் இருந்தது. ஆனால் அந்தச் சாவி எங்கள் ஆறு பேரிடமும் இருந்த பொதுச் சாவி. வேலையை விட்டுப் போன இரண்டு பேரிடமும் அதே சாவி இருந்தது.

முதல் நாள் இரவு வேலையில் இருந்தவன் ஓர் இளைஞன். அவனும் என்னைப் போலத் தோட்டத்துப் பிள்ளை, கோலகங்சார் பக்கம். டிப்ளோமா முடித்து எங்களிடம் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இரவு 11.40க்கு அவன் அதே சர்வரில் வேலை பார்த்ததும் குறிப்பேட்டில் இருந்தது.

முதலாளி கேட்டார்: "ராத்திரி அந்தப் பையன்தானே இருந்தான்?"

எனக்குப் பெரட்டு ஞாபகம் வந்தது. வந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பையனை வீட்டுக்கு அனுப்பினார்கள், விசாரணை முடியும்வரை.

மூன்றாம் நாள், குறிப்பேட்டில் இருந்த எண் முகவரி எந்தக் கணினியுடையது என்று தேடிப் பார்த்தேன். எங்கள் சாமான் அறையில் கிடந்த பழைய கணினியுடையது. வெள்ளிக்கிழமை வயரிங் வேலைக்கு வந்தவர், வேலை முடிந்ததும் எல்லா சுவிட்சையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு வருடமாகத் தூங்கிக் கிடந்த அந்தக் கணினி எழுந்து, தனக்குச் சொல்லி வைத்திருந்த வேலையைச் செய்திருக்கிறது: தினமும் அதிகாலை 2 மணிக்கு, குறிப்பிட்ட ஒரு கோப்புறையில் 90 நாளுக்கு மேல் பழைய கோப்புகளை அழிக்க வேண்டும். அந்தக் கோப்புறை ஒரு காலத்தில் குப்பைக்கானது. பிறகு அதே இடத்தில்தான் ரசீதுகளைப் போட ஆரம்பித்தோம்.

அந்தக் கட்டளையை எழுதியவன் நான். அந்தக் கணினியில் பொதுச் சாவியை நகல் எடுத்து வைத்தவனும் நான்தான்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பையன் வீட்டுக்கு நானே போய், அவன் அம்மா முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா கொடுத்த தேநீர் தொண்டையில் இறங்க மறுத்தது. இந்த வாரம் நான் எழுத வந்தது அந்தச் சாவியைப் பற்றித்தான்.

பூட்டை வைப்பது யார்?

தூரத்தில் இருக்கும் ஒரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து வேலை செய்ய உலகம் முழுவதும் பயன்படும் வழிக்கு எஸ்எஸ்எச் என்று பெயர். 1995ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த தாத்து யூலோனென் என்பவர் இதை உருவாக்கினார். அவருடைய பல்கலைக்கழக வலைப்பின்னலில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடியதுதான் காரணம். அதற்கு முன்பெல்லாம் கடவுச்சொல் கம்பியில் அப்படியே திறந்த கடிதமாகப் போகும். எஸ்எஸ்எச் அதை உறையில் போட்டு ஒட்டியது. 1999ல் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் இதன் இலவச வடிவமான ஓப்பன்எஸ்எஸ்எச்சை வெளியிட்டார்கள். இன்று பெரும்பாலான சர்வர்களில் இருப்பது அதுதான்.

எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவியையும் பயன்படுத்தலாம். இது ஒரு ஜோடி. ஒன்று உங்களிடமே இருக்க வேண்டிய ரகசியச் சாவி. மற்றொன்று யாரிடமும் கொடுக்கக்கூடிய பொதுச்சாவி. பெயர் சாவி என்றாலும் அதைப் பூட்டு என்று நினைத்துக்கொள்வது எளிது. நீங்கள் நுழைய வேண்டிய ஒவ்வொரு சர்வரிலும் உங்கள் பூட்டைக் கொண்டுபோய் மாட்டி வைப்பீர்கள். உங்கள் கையில் இருக்கும் ரகசியச் சாவிக்கு மட்டும் அது திறக்கும். கடவுச்சொல்லை ஊகித்துவிடலாம், இதை ஊகிக்க முடியாது.

இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் எண்ணிக்கையில் வருகிறது. ஆறு பேர், பதினொரு சர்வர் என்றால் 66 பூட்டுகள் மாட்ட வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் பதினொரு இடத்தில் போய்க் கழற்ற வேண்டும். பத்து இடத்தில் கழற்றி ஒன்றை மறந்தால் அந்த ஒரு கதவு அவருக்கு எப்போதும் திறக்கும். ஏனென்றால், இந்தச் சாவிக்குத் தானாகக் காலாவதி கிடையாது. ரோடு டேக்ஸ்கூட வருடத்துக்கு ஒருமுறை செத்துவிடும். சாதாரணமாக மாட்டி வைத்த எஸ்எஸ்எச் பூட்டு சாகாது.

இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் எங்களைப் போன்ற சிறிய இடங்களில் "ஆளுக்கொரு சாவி எதற்கு, எல்லாருக்கும் ஒன்று போதும்" என்று முடிவு செய்துவிடுகிறோம். மண்டோர் டவுனில் போய் வெட்டிய சாவியும் அதுதான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் சர்வர்களில் மாட்டியிருந்த பூட்டுகளை எல்லாம் எண்ணினேன். 31 வெவ்வேறு சாவிகளுக்கான பூட்டுகள். அவற்றில் 12 இப்போது வேலையில் இருப்பவர்களுடையது. 8 போனவர்களுடையது. 5 தானாக ஓடும் வேலைகளுக்கானது. மீதி 6? யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. எங்களிடம் இருந்தது பதினொரு சர்வர். ஆயிரக்கணக்கில் வைத்திருக்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள்.

2008 மே மாதம் உலகமே இப்படி எண்ணிப் பார்க்க வேண்டி வந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 2006ல் செய்த ஒரு சிறிய மாற்றத்தால், சாவி செய்யும் மென்பொருள் சரியாகக் குலுக்காமல் சாவி வெட்டிக்கொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஒவ்வொரு வகையிலும் மொத்தமே 32,767 சாவிகள்தான் வர முடியும். திருடன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை வருடத்துக்கு மேலாக அந்தக் கணினிகளில் செய்த சாவிகள் அத்தனையையும் மாற்ற வேண்டும். ஏடு வைத்திருந்தவர்கள் ஏட்டைப் பார்த்து மாற்றினார்கள். வைக்காதவர்கள் சர்வர் சர்வராகப் போய்த் தேடினார்கள்.

கதவுக்கும் அடையாளம் வேண்டும்

இதில் இன்னொரு பாதி இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதே இல்லை.

எங்கள் தோட்டம் கைமாறிய சமயம், சட்டையில் டை கட்டிய ஒருவர் லயத்துக்கு வந்தார். "புது கம்பெனியிலேர்ந்து வர்றேன். வீட்டுக்குப் பேர் பதியணும், ஆளுக்கு அம்பது வெள்ளி" என்றார். கையில் கோப்பு, கோப்பில் முத்திரை. யாரும் புதுக் கம்பெனிக்காரரைப் பார்த்ததே இல்லை. அதனால் இவர் அவரில்லை என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. பல பேர் கொடுத்தார்கள். அவர் திரும்பி வரவே இல்லை.

நீங்கள் சர்வருக்கு உங்களை நிரூபிக்கிறீர்கள். சர்வர் உங்களுக்குத் தன்னை நிரூபிக்க வேண்டாமா? அதற்காக ஒவ்வொரு சர்வருக்கும் சொந்தமாக ஒரு சாவி ஜோடி உண்டு. முதல் தடவை ஒரு சர்வரைத் தொடும்போது உங்கள் கணினி, "இந்த சர்வரை எனக்குத் தெரியாது. இதன் கைரேகை இதுதான். நம்பலாமா?" என்று கேட்கும். நீளமான எழுத்து வரிசை ஒன்றைக் காட்டும். அதைச் சரிபார்ப்பவர்கள் மிகச் சிலர். "ஆமாம்" என்று தட்டிவிட்டுப் போய்விடுவோம். அதன் பிறகு உங்கள் கணினி அந்த சர்வரின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். முகம் மாறினால் பெரிய எழுத்தில் அலறும்.

அது அலறும்போதும் நாம் என்ன செய்கிறோம்? "சர்வரைப் புதுசாப் போட்டிருப்பாங்க" என்று பழைய ஞாபகத்தை அழித்துவிட்டு மறுபடியும் "ஆமாம்" தட்டுகிறோம். நடுவில் ஒருவன் போலிக் கதவு வைத்து நின்றாலும் இதே அலறல்தான் வரும். டை கட்டியவர் இரண்டாம் முறை வேறு முகத்தோடு வந்தாலும் ஐம்பது வெள்ளி கொடுப்பதற்குச் சமம் இது.

நிரலாளர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் நிறுவனத்துக்கே இது நடந்தது. அதன் சர்வர்களின் ரகசியச் சாவிகளில் ஒன்று தவறுதலாகச் சிறிது நேரம் பொது இடத்தில் வெளியாகிவிட்டது. 2023 மார்ச் 24ஆம் தேதி அந்தச் சாவியை மாற்றினார்கள். அன்று உலகம் முழுவதும் எத்தனையோ நிரலாளர்களின் திரையில் அந்த அலறல். பழையதை அழித்து, கிட்ஹப் வெளியிட்ட புதிய கைரேகையோடு ஒப்பிட்டு, அவரவர் கையால் மாற்ற வேண்டியிருந்தது. எத்தனை பேர் உண்மையில் ஒப்பிட்டிருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

செக்ரோலும் லைசென்சும்

சரி, வழி என்ன? இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டுமே நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை.

முதல் வழி செக்ரோல். தோட்டத்தில் யார் வேலைக்காரர், யார் இல்லை என்பதை மண்டோரின் ஞாபகத்தில் வைக்க மாட்டார்கள். ஆபீஸில் ஒரே ஒரு செக்ரோல். அதில் பேர் இருந்தால் சம்பளம் உண்டு. பேர் வெட்டினால் எந்தக் காட்டிலும் வேலை இல்லை. கணினியில் இதற்கு ஈடானது மையக் கோப்பகம். ஃப்ரீஐபிஏ என்ற இலவச மென்பொருள் இதற்குப் பெயர் போனது. உங்கள் பொதுச்சாவியை உங்கள் பெயருக்கு நேராக அதில் ஒரே ஒரு தடவை பதிவு செய்தால் போதும். நீங்கள் எந்த சர்வரின் கதவைத் தட்டினாலும், அந்த சர்வர் தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்க்காமல் ஆபீஸைக் கேட்கும்: "இவர் பேர் இருக்கிறதா? இவருடைய பூட்டு எது?" பேரை நிறுத்தி வைத்தால் பதினொரு கதவும் அடைபடும். சர்வர்களின் பொதுச்சாவிகளையும் அதே ஏட்டில் வைக்கலாம், உங்கள் கணினியும் அந்த அமைப்பில் சேர்ந்திருந்தால், "நம்பலாமா?" என்று உங்களைக் கேட்காமல் ஏட்டைப் பார்த்துத் தானே ஒப்பிட்டுக்கொள்ளும்.

இரண்டாவது வழி லைசென்ஸ். தாப்பாவில் ஒரு போலீஸ்காரர் உங்கள் காரை நிறுத்துகிறார். நாட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர்களின் பட்டியலை அவர் பையில் வைத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் லைசென்ஸில் பெயர் இருக்கிறது; டி என்றால் கார், பி2 என்றால் 250 சிசிவரை மோட்டார் சைக்கிள் என்று அனுமதி இருக்கிறது; காலாவதித் தேதி இருக்கிறது; கொடுத்த அலுவலகத்தின் அடையாளம் இருக்கிறது. அந்த அலுவலகத்தை நம்பினால் போதும்.

ஓப்பன்எஸ்எஸ்எச் 2010 மார்ச்சில் வெளியிட்ட 5.4 பதிப்பிலிருந்து இதே ஏற்பாட்டைக் கொடுக்கிறது. அதற்குச் சான்றிதழ் என்று பெயர். நிறுவனத்துக்கு ஒரு முத்திரைச் சாவி. உங்கள் பொதுச்சாவியின்மேல் அது கையெழுத்துப் போடும்: இவர் இன்னார், இந்தப் பெயரில் மட்டும் நுழையலாம், இத்தனை மணிவரை செல்லும். சர்வர்களில் இனி ஆறு பேரின் பூட்டுகள் வேண்டாம். முத்திரையை அடையாளம் காணும் ஒரே ஒரு வரி போதும். பேஸ்புக் தன் சர்வர்களில் சான்றிதழ்களைப் பயன்படுத்தும் விதத்தை 2016ல் விளக்கி எழுதியது.

சர்வர்களுக்கும் இதே முத்திரை ஏற்பாடு உண்டு, தனி முத்திரைச் சாவியோடு. உங்கள் கணினியில் ஒரு வரி எழுதி வைத்தால், முத்திரை உள்ள எந்தப் புதிய சர்வரையும் அது கேள்வி கேட்காமல் நம்பும். முத்திரை இல்லாத முகம் வந்தால்தான் அலறும். அடிக்கடி அலறாத நாய் குலைத்தால் நாம் எழுந்து பார்ப்போம் இல்லையா? அதுதான் இதன் பெரிய லாபம்.

நாங்கள் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறோம். யார் யார் என்பதற்கு ஏடு. அன்றாட நுழைவுக்குச் சான்றிதழ். காலையில் வாங்கும் சான்றிதழ் எட்டு மணி நேரத்தில் செத்துவிடும். இரவு வேலைக்கு வருபவர் தனக்குப் புதிதாக வாங்க வேண்டும். மடிக்கணினியைக் காப்பிக் கடையில் தொலைத்தாலும், மறுநாள் அந்தச் சான்றிதழ் வெறும் எழுத்துகள்தான். எட்டு மணி நேரம்கூடக் காத்திருக்க முடியாத அவசரத்துக்கு, ரத்து செய்யப்பட்டவர்களின் பட்டியலும் இருக்கிறது. அதை சர்வர்களுக்கு அனுப்பிவிடலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவரை இவை எதுவும் தானாக வெளியேற்றாது. அவரைத் தனியாக எழுப்பி அனுப்ப வேண்டும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது குறிப்பேட்டில் வந்த மாற்றம். இப்போதும் சில வேலைகளுக்கு 'அட்மின்' என்ற பெயரில்தான் நுழைகிறோம். ஆனால் பக்கத்திலேயே யாருடைய சான்றிதழ், எத்தனையாவது எண் என்று பதிவாகிறது. தானாக ஓடும் வேலைகளுக்கும் தனித்தனிச் சான்றிதழ். இந்த முகவரியிலிருந்துதான் வர வேண்டும், இந்த ஒரு கட்டளையைத்தான் செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதிவிடலாம். என் பழைய கணினியிடம் அப்படி ஒரு சான்றிதழ் இருந்திருந்தால், அது இரண்டு வருடத் தூக்கத்திலிருந்து எழுந்தபோது கதவு திறந்திருக்காது.

சட்டமும் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டது. நம் நாட்டுத் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய கடமை வந்திருக்கிறது. யார் நுழைந்தார், எங்கே நுழைந்தார் என்று தேடவே மூன்று நாள் எடுத்துக்கொண்ட என் நிலைமையில் இருந்தால் என்ன எழுதிக் கொடுப்பது?

கிராணியின் பேனா

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டால் கவலை விட்டது என்று சொன்னால் அது பொய். செக்ரோலை எழுதியவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்று தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் பேரை எழுதாமல் விட்டால் ஒரு நாள் கூலி போனது.

முத்திரைச் சாவி திருடு போனால் திருடன் தன் பெயருக்குத் தானே லைசென்ஸ் போட்டுக்கொள்வான். பதினொரு கதவும் அவனுக்குத் திறக்கும். ஆகவே அந்தச் சாவியை அன்றாட வேலைக் கணினியில் வைக்கக் கூடாது. தனிக் கருவியில் வைக்க வேண்டும். கொடுக்கிற ஒவ்வொரு சான்றிதழும் வேறோர் இடத்தில் பதிவாக வேண்டும். அந்தப் பதிவை இன்னொருவர் பார்க்க வேண்டும். எங்கள் இடத்தில் முத்திரை என் பொறுப்பு. பதிவைப் பார்ப்பது நான் இல்லை.

மைய ஏடு இருக்கும் கணினி படுத்துவிட்டால் எல்லாரும் வெளியே நிற்க வேண்டி வரலாம். அதற்கு இரண்டாவது ஏட்டுக் கணினி ஒன்று வேண்டும். அதுவும் போனால்? ஒவ்வொரு சர்வரிலும் ஓர் அவசரப் பூட்டு. அதன் சாவி உறையில் ஒட்டி, இரண்டு பேர் கையெழுத்தோடு, முதலாளியின் இரும்புப் பெட்டியில். உறை கிழிந்தால் ஏன் கிழிந்தது என்று எழுத வேண்டும். ஆணியில் தொங்கிய சாவிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் தொங்கியிருந்தால் போதும், அப்பாவின் கதை வேறாக இருந்திருக்கும்.

உங்கள் பக்கத்தில்

"நமக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர்க் கோயில் நிர்வாகம் மாறும்போது, கோயிலின் பேஸ்புக் பக்கம், மின்னஞ்சல், கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றின் கடவுச்சொற்கள் யார் யார் கையில் இருக்கின்றன? தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில்? உங்கள் கடையில் வேலைக்கு இருந்து போன பிள்ளையின் கைப்பேசியில் கடையின் கணக்கு இன்னும் திறக்கிறதா?

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போடுங்கள். என்ன கதவு, யாரிடம் சாவி, எந்தத் தேதிவரை. முடிந்த இடத்திலெல்லாம் ஆளுக்கொரு கணக்கு. பொதுக் கடவுச்சொல் வேண்டவே வேண்டாம். ஆள் மாறும் நாளில் அந்தத் தாளைத் திறந்து, போகிறவர் முன்னிலையிலேயே பெயரை வெட்டுங்கள். அது அவரை அவமானப்படுத்துவது என்று சிலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பையன் எங்களிடம் தொடர்ந்து வேலை பார்த்தான். இந்தப் புதிய ஏற்பாட்டில் பாதி அவன் கைவேலை. இந்த வருடம் பினாங்கில் நல்ல வேலை கிடைத்துக் கிளம்பினான். கடைசி நாள் மாலை ஐந்து மணி. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தவன், என் மேசைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணே, என் பேரை எடுத்துட்டீங்களா?"

"நீ போப்பா, நான் ராத்திரி எடுத்துடறேன்."

"இல்லண்ணே. இப்பவே எடுங்க. நான் பாக்கணும்."

எடுத்தேன். சான்றிதழையும் ரத்துப் பட்டியலில் சேர்த்தேன். அவன் தன் மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொரு சர்வராகத் தட்டிப் பார்த்தான். பதினொன்றும் அனுமதி இல்லை என்றன. நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னான். எழுதினேன்: மாலை 5.12.

"நாளைக்கு ஏதாச்சும் காணாமப் போனா என் பேரு வரக்கூடாது, அண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.